வியர்வையும் அதன் பிணிகளும்

சென்ற கோடையில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். கூலிப் பதிவேட்டைப் புரட்டி வருகையில், ஓர் அங்கத்தினரின் பெயருக்கு நேரே மட்டும், ஏறக்குறைய ஒவ்வொரு மாதமும், “கறை – பிடித்தம்” என்ற குறிப்பு இருக்கக் கண்டேன். மற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ நேரும் பிடித்தம் இவருக்கு மட்டும் ஓயாமல் நேருவானேன் என்று குமாஸ்தாவைக் கேட்டேன். “அவர் கவனமில்லாதவர் ஐயா, எத்தனை முறை சொல்லியும் திருந்தவில்லை” என்பதே விடை.

மாலையில் அவர் வீட்டுக்குச் சென்றேன். தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து கைகூப்பினார். கூப்பிய கைகளின் மணிக்கட்டு வழியே நீர் வழிந்தது. கை கழுவிவிட்டு வந்தார் போலும் என்று எண்ணினேன். அவ்வாறன்று, அது வியர்வை. தறியின் பக்கத்தில் நான்கு துண்டுகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. இரண்டு வீச்சுக்கு ஒருமுறை கையைத் துடைத்துத்தான் நாடாவைத் தொடுவாராம். “சிறு பிராயத்திலிருந்தே இப்படித்தான் ஐயா. பள்ளிக்கூடத்தில் எழுதிய தாளெல்லாம் நனைந்து மை ஊறிப் போகும். மனத்தில் பயம் வந்தால் இன்னும் அதிகமாகும். சங்கத்துக்குச் சேலை கொண்டு போக வேண்டிய நாள் நெருங்கினால் கை நிற்காமல் ஒழுகும்” என்றார்.

அவரிடம் இருந்தது கவனக்குறைவு அன்று, ஒரு நோய். அதற்குப் பெயர் உண்டு, மருத்துவமும் உண்டு. கல்லூரியில் விலங்கியல் பயின்றவன் என்ற முறையில் எனக்கு அது தெரிந்திருந்தது. அவருக்கும் குமாஸ்தாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரியாமையின் விலையைப் பல ஆண்டுகளாக அவர் தம் கூலியில் கொடுத்து வந்திருக்கிறார். தறியிலும் வயலிலும் வியர்வை சிந்தி வாழும் நம் அங்கத்தினர்கள் அந்த வியர்வையைப் பற்றிச் சிறிது அறிந்திருப்பது நலம் என்ற எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

வியர்வைச் சுரப்பியின் அமைப்பு

நம் தோலின் ஒரு சிறு துண்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், அதன் அடிப்பகுதியில் சிக்குண்ட நூற்கண்டு போல் சுருண்டு கிடக்கும் நுண்ணிய குழல்களைக் காணலாம். இவையே வியர்வைச் சுரப்பிகள். சுருளிலிருந்து ஒரு மெல்லிய நாளம் மேல்நோக்கி வந்து தோலின் மேற்பரப்பில் ஒரு துளையாகத் திறக்கிறது. 1833-ஆம் ஆண்டில் புர்க்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் இவற்றை உருப்பெருக்கியில் கண்டு விவரித்தார்.

ஒரு மனிதனின் உடலில் இத்தகைய சுரப்பிகள் 20 இலட்சம் முதல் 40 இலட்சம் வரை உள்ளன. அனைத்தும் தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன. பிறந்த பின்பு புதிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இவை மிக நெருக்கமாக அமைந்திருக்கின்றன.

சுரப்பிகளில் இரு வகை உண்டு. உடலெங்கும் பரவி, நீர்த்த உப்புநீரைச் சுரப்பவை முதல் வகை. உடலைக் குளிர்விப்பவை இவையே. அக்குள், அரை முதலிய இடங்களில் மயிர்க்காலோடு ஒட்டி அமைந்து, சற்றுக் கொழுமையான நீரைச் சிறிதளவு சுரப்பவை இரண்டாம் வகை. இவை வாலிபப் பருவத்தில்தான் வேலை செய்யத் தொடங்கும். இவற்றின் நீருக்குச் சுரக்கும்போது பெரும்பாலும் மணம் இல்லை. தோலின்மேல் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் உண்டாகிறது. ஆகவே வியர்வை நாற்றம் உழைப்பாளியின் குணம் அன்று, குலமும் அன்று, நுண்ணுயிர்களின் செயலே. தண்ணீரும் உலர்ந்த மாற்றுடையும் அதற்கு மருந்து.

பசு வளர்ப்போருக்கு ஒரு செய்தி. பாலூட்டும் பிராணிகளின் மடியும் ஆதியில் தோலின் சுரப்பியிலிருந்து மாறி வளர்ந்ததே என்பது விலங்கியலார் கொள்கை. ஆஸ்திரேலியாவில் வாழும் பிளாட்டிபஸ் என்ற பிராணிக்கு முலைக்காம்பு இல்லை. பால் வியர்வையைப் போலத் தோலின்மேல் கசிய, குட்டிகள் அதை நக்கிப் பருகுகின்றன.

குளிர்விக்கும் தொழில்

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது என்பதை நாம் அறிவோம். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நம் உடலும் அவ்வாறே. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் முழுவதும் ஆவியாகுமானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடலிலிருந்து வெளியேற்றும். எட்டு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது. வெயிலில் கடுமையாக உழைப்பவனுக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்ப்பதுண்டு.

இதன் ஆற்றலைக் காட்டும் சோதனை ஒன்று 1774-ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்றது. சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவரும் அவர் நண்பர்களும் நீரின் கொதிநிலைக்கும் மேலாகச் சூடேற்றிய உலர்ந்த அறையினுள் சில நிமிடங்கள் நின்று பார்த்தனர். அதே அறையில் வைத்த முட்டை வெந்து இறுகியது. இறைச்சித் துண்டும் வெந்தது. உள்ளே நின்ற மனிதர்களுக்கோ உடல் வெப்பம் அதிகம் உயரவில்லை. இரு பாத்திரங்களில் தண்ணீரும் வைத்தனர். ஒன்றின் மேற்பரப்பை மெழுகு உருகி மூடியது, மற்றொன்று திறந்திருந்தது. திறந்திருந்த நீர் ஆவியாகிக்கொண்டே இருந்தமையால் வெகுநேரம் கொதிக்கவில்லை. அதன்மேல் எண்ணெய் விட்டு ஆவியாவதைத் தடுத்த பின்னரே கொதித்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. வியர்ப்பதால் உடல் குளிர்வதில்லை. வியர்வை உலர்வதால்தான் குளிர்கிறது. கடற்கரை ஊர்களில் காற்றிலே ஈரம் மிகுந்த நாளில் வியர்வை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிறதே, அது வீணான வியர்வை. தண்ணீரும் உப்பும் செலவாகின்றன. வெப்பம் உள்ளேயே நிற்கிறது. கொப்பரைகள் கொதிக்கும் சாயப்பட்டறையிலும், நூல் அறாதிருக்க ஈரம் காக்கப்படும் தறிக்கூடத்திலும் நிலைமை இதுவே. அங்கே 35 டிகிரி வெப்பம், உலர்ந்த காட்டில் 40 டிகிரியைவிடக் கொடியதாக இருக்கக்கூடும்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் நீக்க வேண்டும். வியர்வை வழியே உடலின் கெட்ட நீரெல்லாம் வெளியேறிவிடும் என்று பலர் நம்புகின்றனர். கழிவுகளை அகற்றுவது சிறுநீரகத்தின் வேலை. வியர்வையின் தலையாய தொழில் குளிர்விப்பது ஒன்றே.

தண்ணீரும் உப்பும்

சுரப்பியின் சுருளில் ஊறும் நீர், தொடக்கத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதியைப் போலவே உப்பு மிகுந்தது. மேலே ஏறும் வழியில் நாளத்தின் சுவர்கள் அந்த உப்பின் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. வியர்வை மெதுவாக வந்தால் உப்பு நன்கு மீட்கப்படும். பெருக்கெடுத்து வந்தால் மீட்க நேரமின்றி உப்பும் சேர்ந்து போய்விடும். ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ 1 முதல் 4 கிராம் வரை உப்பு இருக்கலாம். கோடையில் ஓரிரு வாரம் வெயிலில் பழகியவனுக்கு வியர்வை விரைவில் தொடங்கும், அளவு கூடும், உப்பு குறையும். உடல் பழகிக்கொள்ளும் முறை இது. நெடுநாள் ஓய்வுக்குப் பின் முதல் நாளே முழு வேலையில் இறங்குபவனுக்கு ஆபத்து மிகுதியாயிருப்பதன் காரணமும் இதுவே.

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர் தாங்கொணாத தசைப்பிடிப்பால் துன்புற்றனர். அவர்கள் ஏராளமாக வியர்த்து, வெறும் தண்ணீரை ஏராளமாகக் குடித்தவர்கள். இழந்த உப்பு ஈடு செய்யப்படாமையே காரணம் என்று 1923-ஆம் ஆண்டில் மாஸ் என்ற ஆய்வாளர் எடுத்துக் காட்டினார். குடிநீரில் சிறிது உப்புச் சேர்த்ததும் துன்பம் நீங்கியது. நம் முன்னோர் காலையில் நீராகாரத்தில் உப்பிட்டுக் குடித்ததும், உச்சி வேளையில் உப்பு மோர் அருந்தியதும் இவ்வறிவுக்கு முற்றும் ஒத்தவை. எனினும் இரத்த அழுத்தம், இதயநோய், சிறுநீரக நோய் உடையோர் மருத்துவரைக் கேளாமல் உப்பைக் கூட்டலாகாது.

கால்நடைகளின் வியர்வை

எல்லாப் பாலூட்டிகளும் மனிதனைப் போல் வியர்ப்பதில்லை. நாய்க்கு உடலைக் குளிர்விக்கும் வியர்வை பாதங்களின் அடியில் மட்டுமே சிறிது உண்டு. அது நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. பன்றி வெப்பத்துக்கு வியர்ப்பதில்லை என்றே கூறலாம். சேற்றில் புரள்வது அதற்குத் தேவை, அசுத்தம் அன்று. ஒட்டகம் வியர்க்கும், ஆனால் தண்ணீரைச் சேமிக்கும் பொருட்டுப் பகலில் தன் உடல் வெப்பத்தைச் சில டிகிரி ஏறவிட்டு, இரவின் குளிரில் இறக்கிக்கொள்ளும்.

மாட்டுக்கு ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் ஒரு வியர்வைச் சுரப்பி வீதம் அமைந்திருக்கிறது. நம் நாட்டுத் திமில் மாடுகளின் சுரப்பிகள் பெரியவை, எண்ணிக்கையில் மிக்கவை, தோலின் மேற்பரப்புக்கு அணித்தே இருப்பவை. ஐரோப்பிய இன மாடுகளுக்கு அவ்வாறில்லை. காங்கேயம் காளை வெயிலில் ஏர் இழுக்க, ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்புப் பசு நிழலிலும் மூச்சிரைப்பதன் காரணங்களுள் இது ஒன்று. பால் மிகுதியைக் கருதிக் கலப்புப் பசு வாங்கும் அங்கத்தினர், பசுவின் விலையோடு நிழலுக்கும் தண்ணீருக்கும் ஆகும் செலவையும் கணக்கிட வேண்டும்.

எருமைக்குச் சுரப்பிகள் மாட்டைவிட மிகக் குறைவு, தோலோ கருமை. வெயிலை வாங்கிக்கொள்ளும், வியர்வையால் வெளியேற்ற இயலாது. ஆதலால் குட்டையில் கிடப்பது அதற்குச் சோம்பல் அன்று. உயிர் காக்கும் வழி. குட்டை வற்றிய ஊரில் நாளைக்கு இருமுறையேனும் அதன்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும். கோடையில் பால் குறைந்துவிட்டதென்று தீவனத்தை மட்டும் மாற்றுவோர் இதை நினைவிற் கொள்க.

குதிரை மனிதனைப் போலவே மிகுதியாக வியர்க்கும். அதன் வியர்வையில் நுரைக்கும் தன்மையுள்ள ஒரு புரதம் உண்டு. ஓடிய குதிரையின் மேல் காணும் வெண்ணுரை இதுவே. குளிர்நாடுகளிலிருந்து வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட குதிரைகளுள் சில, சில மாதங்களில் வியர்வை முற்றும் நின்று, தோல் வறண்டு, மூச்சிரைத்து ஓட இயலாமற் போவதைக் குதிரை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவர். குளிர்ந்த இடத்துக்கு மாற்றினால் பல குதிரைகள் தேறுகின்றன. நேற்றுவரை ஓடிய பிராணி இன்று நின்றுவிட்டால் சாட்டையை எடுப்பதற்கு முன் அதன் தோலைத் தொட்டுப் பார்ப்பது அறிவுடைமை.

வழி அடைபடுதல்

இனி மனிதரின் வியர்வைப் பிணிகளைக் காண்போம். எல்லாரும் அறிந்தது வேர்க்குரு. வியர்வை நாளத்தின் வாய் அடைபட, உள்ளே ஊறிய நீர் வெளிவர வழியின்றித் தோலுக்குள்ளேயே கசிந்து தினவையும் முள் குத்துவது போன்ற வேதனையையும் உண்டாக்குகிறது. மருந்து எளிது: காற்றோட்டம், குளிர்ந்த நீர், தளர்ந்த ஆடை. நாம் நெய்யும் பருத்தித் துணி வியர்வையை உறிஞ்சி உலரவிடும். செயற்கை நூலாடை உடலோடு ஒட்டிக்கொள்ளும். மாவுத்தூளை அப்புவதால் வழி திறப்பதில்லை. வேர்க்குரு அடுத்தடுத்து வந்து முற்றினால் தோலின் பெரும்பகுதி வியர்க்க இயலாமல் வறண்டுபோகும். இரண்டாம் உலகப் போரில் வெப்ப நாடுகளுக்கு வந்த போர்வீரர் பலர் இவ்வாறு வேலைக்கே உதவாத நிலையை அடைந்தனர்.

அக்குளிலும் அரையிலும் கட்டிகள் மீண்டும் மீண்டும் எழுந்து, சீழ் பிடித்து, தழும்பாகும் நோய் ஒன்றுண்டு. வியர்வைச் சுரப்பியின் சீழ்நோய் என்றே முன்பு அதற்குப் பெயரிட்டனர். அது மயிர்க்காலில் தொடங்குவதென்று பின்னர்த் தெளிவாயிற்று. குளிக்காமையால் வருவதன்று, தொற்றுவதும் அன்று. புகைப்பிடித்தலும் உடல் பருமனும் இதை வளர்க்கும். வெட்கத்தால் மறைத்து வைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வியர்வை வராமை

சில குழந்தைகள் வியர்வைச் சுரப்பிகள் இல்லாமலோ மிகச் சிலவற்றுடனோ பிறக்கின்றன. முடி அருகியிருக்கும்; பற்கள் சிலவே முளைக்கும், அவையும் கூராக இருக்கும். வெயில் காலத்தில் காரணம் தெரியாத கடுங்காய்ச்சல் வரும். சார்லஸ் டார்வின், தம் நூல் ஒன்றின் 1875-ஆம் ஆண்டுப் பதிப்பில், சிந்து தேசத்து இந்துக் குடும்பம் ஒன்றில் நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்கள் இவ்வாறு இருந்ததைக் குறித்திருக்கிறார். பெண்மக்கள் வழியே இறங்கி ஆண்மக்களைத் தாக்கும் பரம்பரைக் குறை இது. இதற்குரிய மரபணு 1996-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. கருவிலிருக்கும்போதே குறைபட்ட புரதத்தை அளித்ததால் சுரப்பிகள் உருவாகி, பிறந்த பின் இயல்பாக வியர்த்த குழந்தைகளைப் பற்றி 2018-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர்கள் வெளியிட்டனர். அம்மருத்துவம் இன்னும் எங்கும் பரவவில்லை. ஆனால் அத்தகைய குழந்தையைக் காக்க ஈரத்துணியும் நிழலும் போதும். தெய்வக் குற்றம் என்று கருதிக் காய்ச்சலில் கம்பளி போர்த்திய பெற்றோர் அக்குழந்தைக்குக் கேடே செய்கின்றனர்.

வளர்ந்தவருக்கு வியர்வை நிற்பது பெரும்பாலும் நரம்பின் கேட்டால். தோலில் வெளிறிய தேமல் போன்ற ஓர் இடம், அங்கே தொடு உணர்ச்சி இல்லை, உடலெல்லாம் வியர்க்க அவ்விடம் மட்டும் வறண்டிருக்கிறது என்றால், அது தொழுநோயாக இருக்கலாம். தொழுநோய் இன்று முற்றும் குணமாகும் நோய். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். தாமதமே ஊனத்துக்குக் காரணம். அவ்வாறே நீரிழிவு முற்றியவருக்குப் பாதங்களில் வியர்வை நின்று தோல் வறண்டு வெடிக்கும். வெடிப்பின் வழியே புண் புகும். மிதிக்கட்டையில் வெறுங்காலால் உழைக்கும் நெசவாளர் நீரிழிவு உடையவராயின் நாள்தோறும் இரவில் பாதத்தைப் பார்த்து எண்ணெய் தடவுவது நல்லது.

எவ்விடம் வியர்க்கிறது, எவ்விடம் வியர்க்கவில்லை என்பதை அறியும் முறை நெசவாளருக்கு வியப்பளிக்கும். மைனர் என்ற ருஷ்ய மருத்துவர் வகுத்தது அது. தோலில் அயோடின் பூசி, உலர்ந்த பின் கஞ்சி மாவைத் தூவுவார்கள். வியர்வை வந்த இடம் கருநீலமாகும். வராத இடம் வெளுத்தே நிற்கும்.

வியர்வை மிகுதி

சுரப்பிகளுக்குக் கட்டளை கொண்டு வரும் நரம்புகளின் முனையில் அசெட்டில்கோலின் என்ற இரசாயனப் பொருள் வெளிப்பட்டுச் சுரப்பியைத் தூண்டுகிறது. வேலை முடிந்ததும் உடலே அதை அழித்துவிடுகிறது. விவசாயிகள் அறியவேண்டியது இதுதான்: நாம் தெளிக்கும் பாஸ்பரஸ் சார்ந்த பூச்சிமருந்துகள் பல, இந்த அழிக்கும் வேலையை நிறுத்துபவை. மருந்தடித்தவருக்குத் திடீரென வியர்வை வெள்ளமாகப் பெருகி, வாயில் எச்சில் ஊறி, கண்மணி சுருங்கி, மூச்சு முட்டினால் அது வெயிலின் களைப்பு அன்று, விஷம் ஏறியிருக்கிறது. நிழலில் படுக்கவைத்துக் காத்திருத்தல் கூடாது. நனைந்த ஆடையைக் களைந்து, உடலைச் சோப்பிட்டுக் கழுவி, மருந்துப் புட்டியோடு உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கழுவுபவர் கையுறை அணிந்திருத்தல் நலம்.

இதற்கு நேர்மாறானது ஊமத்தை. அதன் விஷம் அசெட்டில்கோலினின் செயலைத் தடுப்பதால் வியர்வை நின்று, தோல் காய்ந்து, கண்மணி விரிந்து, காய்ச்சலும் பிதற்றலும் காணும். ஊமத்தையிலும் உள்ள அட்ரோபின் என்ற பொருளே, மருத்துவர் கையில், முன்சொன்ன பூச்சிமருந்து விஷத்துக்கு மாற்றாகிறது. ஆனால் அது ஊசி வழியே அளவறிந்து கொடுக்க வேண்டியது. ஊமத்தையை அரைத்துக் கொடுப்பது கொலைக்கு ஒப்பாகும்.

வேறு நோய்களும் வியர்வை வழியே தம்மைக் காட்டிக்கொள்ளும். மார்பு அழுத்தத்தோடு குளிர்ந்த வியர்வை கொட்டினால் மாரடைப்பாகலாம். நீரிழிவு மருந்து உண்பவர் திடீரென வியர்த்து நடுங்கினால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கலாம். நினைவிருக்கும்போதே சர்க்கரை கொடுக்க வேண்டும். இரவில் படுக்கை நனைய வியர்த்து, இருமலும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காசநோய்க்குச் சளி பரிசோதிக்க வேண்டும்.

உப்புக் கரிக்கும் குழந்தை

நெற்றியை முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் பழங்காலத்தில் இருந்தது. அது மூடநம்பிக்கை அன்று என்று பிற்காலத்தில் தெரிந்தது. 1948-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் கடும் வெயில் அடித்தபோது, நுரையீரலும் கணையமும் கெடும் ஒரு பரம்பரை நோயுடைய குழந்தைகளே வெப்பத்தில் மிகுதியாகச் சோர்ந்து விழுந்தனர். அவர்களுடைய வியர்வையில் உப்பு அளவுக்கு மிஞ்சியிருப்பதை 1953-ஆம் ஆண்டில் டி சான்ட் ஆக்னீஸ் என்ற மருத்துவர் வெளியிட்டார். நாளத்தின் சுவர் உப்பைத் திரும்ப உறிஞ்ச இயலாமையே காரணம் என்பதை 1983-ஆம் ஆண்டில் பால் குவின்டன் நிறுவினார். அவரும் அந்நோயுடையவரே. இன்றும் அந்நோயை உறுதிப்படுத்தும் முதற் சோதனை வியர்வையில் உப்பை அளப்பதுதான். அரிய நோயாயினும் நம் நாட்டிலும் உண்டு. ஓயாத சளியும் எடை ஏறாமையும் உடைய குழந்தையின் தோலில் உப்புப் பூத்திருக்கக் காணும் தாய் அதை மருத்துவரிடம் கூறத் தவறலாகாது.

வெப்பத் தாக்கு

எல்லாவற்றிலும் கொடியது வெப்பத் தாக்கு. வியர்வையால் ஈடுகட்ட முடியாத அளவுக்கு வெப்பம் ஏறி, உடல் 40 டிகிரி செல்சியஸைக் கடந்து, அறிவு தடுமாறும் நிலை அது. தோல் வறண்டிருந்தால்தான் வெப்பத் தாக்கு என்று எண்ணிவிடக் கூடாது. உழைத்துக்கொண்டிருந்தவருக்குத் தோல் நனைந்தே இருக்கலாம். பேச்சுக் குழறுதல், ஆளை அறியாமை, வலிப்பு ஆகியவையே அடையாளம். உடனே 108-க்குத் தெரிவிக்க வேண்டும். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவற்றவர் வாயில் எதையும் ஊற்றலாகாது.

2024-ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிரிழப்போர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க ஆணையிட்டது. மரணத்தின் காரணம் மருத்துவச் சான்றில் இடம்பெறாவிடில் குடும்பத்தார் அதைக் கோருவது அரிதாகும். அங்கத்தினர் குடும்பத்துக்கு இதில் வழிகாட்டுவது சங்கச் செயலாளர் செய்யக்கூடிய உதவி.

அந்த நெசவாளர்

இனித் தொடங்கிய இடத்துக்கு வருவோம். உடலின் பிற பகுதிகள் வெப்பத்துக்கு வியர்க்க, உள்ளங்கையும் உள்ளங்காலும் முக்கியமாக மனத்தின் கலக்கத்துக்கு வியர்க்கின்றன. சிலருக்கு இந்தக் கட்டளை அளவு கடந்து வருகிறது. அவர்களுடைய சுரப்பிகளில் குறையில்லை. தூண்டும் நரம்புகளே ஓய்வறியாதவை. பெரும்பாலும் இளமையில் தொடங்கும். குடும்பத்தில் பிறருக்கும் இருப்பதுண்டு. வியர்வையின் உப்பு பட்டில் கறையேற்றும். வெள்ளி ஜரிகையையும் கறுக்கச் செய்யும். கறைக்குப் பிடித்தம், பிடித்தத்தால் அச்சம், அச்சத்தால் மேலும் வியர்வை, அதனால் மேலும் கறை. நம் பதிவேட்டில் நான் கண்ட வரிகளெல்லாம் இந்தச் சுழலின் கணக்கே.

இதற்கு அலுமினியம் குளோரைடு கலந்த பூச்சு உண்டு. தண்ணீர்த் தட்டில் கைகளை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் முறை உண்டு. வாரந்தோறும் தொடர்ந்தால் பலருக்குப் பயன் தருகிறது. சில மாதங்கள் வியர்வையை நிறுத்தும் ஊசியும் உண்டு. நரம்பை அறுக்கும் சிகிச்சையும் உண்டாயினும், கையில் நின்ற வியர்வை முதுகிலும் வயிற்றிலும் பெருகக்கூடுமாதலால் அதைக் கடைசியாகவே கருத வேண்டும்.

அவர் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் சென்றார். மின்சார முறையும் பூச்சும் தொடங்கப்பட்டன. சங்கத்தின் நிர்வாகக் குழு, சிகிச்சை முடியும்வரை அவருக்கு வெளிர் நிறச் சேலைகளுக்குப் பதிலாக அடர் நிறப் பாவு கொடுப்பதென்றும், கறைக்காகப் பிடிக்குமுன் அங்கத்தினரை அழைத்துக் காரணம் கேட்பதென்றும் தீர்மானித்தது. பிடித்த பணத்தைத் திருப்பித் தர விதியில் இடமில்லை என்று தலைவர் கூறினார். அவர் கூறியது சரியே; அதை எழுதிய பேனா எனக்கும் கனத்தது. மூன்று மாதம் கழித்து நான் சென்றபோது கை முற்றும் உலரவில்லை. ஆனால் நான்கு துண்டுகள் இருந்த இடத்தில் ஒன்றே இருந்தது. அந்த மூன்று மாதங்களில் பிடித்தம் ஒரு முறைதான்.

சங்கங்கள் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. சாயப்பட்டறையிலும் தறிக்கூடத்திலும் காற்று வர வழி. கோடையில் ஒரு பானைத் தண்ணீரும் ஒரு பானை உப்பு மோரும். உச்சி வேளையில் மூன்று மணி நேர ஓய்வு. மருந்தடிப்பவருக்குத் துணையாக ஓர் ஆள். இவற்றுக்கு ஆகும் செலவு எந்தச் சங்கத்தின் பொது நிதிக்கும் பாரமாகாது. இவற்றோடு, அங்கத்தினர் ஒருவர் வேலையில் பின்தங்கினால் பதிவேட்டில் குறிப்பு எழுதுமுன் அவர் கையை ஒருமுறை தொட்டுப் பார்க்கும் வழக்கமும் வேண்டும். அதற்குச் செலவே இல்லை.